ரோடே தெரியல

சண்டை ஆரம்பித்தது சிட்னியில். மகள் ஷரோனுக்கு முழங்காலில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆறு வாரம் சமைத்துப் போட்டு, துணி மடித்து, அவளை அதட்டி நடக்க வைப்பதற்காகப் போயிருந்தேன். அக்டோபர் கடைசி. அவர்கள் தெரு முழுக்க ஜக்கரண்டா மரங்கள் ஊதா நிறத்தில் பூத்துக் கொட்டிக்கொண்டிருந்தன. ஜனங்கள் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கி, தரையில் படுத்துக்கொண்டெல்லாம் போட்டோ எடுத்தார்கள். பக்கத்து வீட்டு அம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கேட்டாள்: "உங்கள் ஊரிலும் இப்படிப் பூக்கிற மரங்கள் உண்டா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை ஜோயல் முந்திக்கொண்டார். "எங்கள் ஊரிலா? அங்கே தூசியும் ஹாரனும்தான் பூக்கும்."

அந்த அம்மாள் சிரித்தாள். ஜோயலும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த மனுஷன் என்ன பாலைவனத்திலா பிறந்தார்? சேலையூரில் பிறந்து, தாம்பரத்தில் படித்து, இருபத்தாறு வயது வரை எங்கள் ஊர் மரத்தடிகளில் பார்த்துப் பார்த்து பைக்கை நிறுத்தியவர். நானோ பூகோள டீச்சர். முப்பது வருஷம் பிள்ளைகளை மேப்பில் ஊர் தேட வைத்தவள். என் ஊரை என் கண்ணெதிரே ஒருவர் துடைத்துப் போட்டால் சும்மா விடுவேனா? ஆனால் கையில் ஆதாரம் இல்லை. போனைத் தேடினேன். கல்யாண போட்டோக்கள், கரண்ட் பில், சர்ச் நோட்டீஸ். மரம் என்று பேருக்கு ஒன்று கிடையாது. வரட்டும் மே மாசம் என்று கறுவிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

மே மாசம் வந்தது. ஷரோன் கொடுத்தனுப்பிய அவளுடைய பழைய போன், தண்ணீர் பாட்டில், குடை, முழங்காலுக்கு ஒரு பட்டை. இவ்வளவுதான் என் சாமான். வெளிநாட்டுக்காரி ஒருத்தி முதல்முறையாகத் தாம்பரத்துக்கு வந்தால் எப்படிப் பார்ப்பாளோ அப்படி ஒரு வாரம் பார்ப்பது என்று தீர்மானம்.

திங்கட்கிழமை காலை ஆறு மணி. என் முதல் ஊர் எங்கள் தெருமுனை. இரும்புலியூரில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பை ஒட்டி, தெரு திரும்புகிற இடத்தில் ஒரு பெருங்கொன்றை நிற்கிறது. புத்தகத்தில்தான் அந்தப் பெயர். எங்களுக்கு அது கார்னர் மரம். ஆட்டோவுக்கும் கொரியருக்கும் வழி சொல்ல மட்டும் பயன்பட்ட மரம். ராத்திரி முழுக்கக் கொட்டிய மஞ்சள் பூ அன்றைக்குத் தெருவை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூடியிருந்தது. பத்தொன்பது வருஷமாக அந்த வழியாகத்தான் பால் வாங்கப் போகிறேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை. வெட்கமாக இருந்தது.

தெரு கூட்டுகிற கஸ்தூரி துடைப்பத்தோடு வந்து நின்றாள். "இன்னா டீச்சர், குப்பையப் போயி போட்டோ புடிச்சுகினு கீறீங்க?"

"ஒரு பத்து நிமிஷம் கூட்டாதே கஸ்தூரி. ப்ளீஸ்."

"உங்களுக்கு போட்டோ, எனக்கு இடுப்பு வலி. ஒரு நாள் வுட்டு ஒரு நாள்தான் இந்தத் தெருவுக்கு வர்றேன், எல்லாம் சேந்து கெடக்குது." சொன்னாளே தவிர, வண்டியில் சாய்ந்துகொண்டு பத்து நிமிஷம் நின்றாள்.

பன்னிரண்டு படம் எடுத்தேன். அதில் ஒன்று, சும்மா சொல்லக்கூடாது, சிட்னியைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். உடனே ஜோயலுக்கு அனுப்பினேன். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. சந்தோஷத்தில் தலைகால் புரியாமல் அதிலும் போட்டு, கீழே எழுதினேன்: "கார்னர் மரத்தைப் பாருங்கள். ரோடே தெரியல!"

வீட்டுக்கு வந்து இட்லியை வாயில் வைப்பதற்குள் இருபத்திரண்டு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியிருந்தார்கள். ஜோயல் கேட்டிருந்தார்: "சூப்பர்! இது எந்த ஊர் அத்தை?" நான் பதில் போடவில்லை. கொஞ்சம் தவிக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை சிட்லபாக்கம். சானடோரியத்தில் மின்சார ரயிலை விட்டு இறங்கி நடந்தேன். ஏரிக்கரையில் நடைப்பயிற்சிக் கூட்டம். ரிடையர் ஆனவர்கள் கையை வீசிக்கொண்டு ரத்த அழுத்தம் பற்றிப் பேசிக்கொண்டு போனார்கள். இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டு மதிலுக்கு மேலே சரக்கொன்றை தொங்கியது. நான் போனைத் தூக்கினதுதான் தாமதம், உள்ளேயிருந்து பனியனோடு ஒருவர் ஓடி வந்தார்.

"மேடம், மேடம்! மரம் எங்க காம்பவுண்டுக்குள்ளதான் இருக்கு. கிளை மட்டும்தான் வெளியே வருது. நாங்களே வெட்டிடறோம், ஆக்‌ஷன் எல்லாம் வேண்டாம்."

"ஐயையோ, வெட்டாதீங்க சார். நான் ஆபீஸ்ல இருந்து வரல."

"அப்ப எதுக்கு போட்டோ?"

"அழகா இருக்கு, எடுக்கறேன்."

அவர் நம்பவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "அழகா இருக்கு. சரி. கம்ப்ளெய்ண்ட் என்ன?" என்று மறுபடி ஆரம்பித்தார். அவர் மனைவி வெளியே வந்து, "அவங்க ரசிக்கறாங்க, உங்களுக்கு அது எங்க புரியப் போகுது" என்று ஒரு போடு போட்டுவிட்டு எனக்குக் காபி கொண்டு வந்தார். சிட்னியில் காபிக்கு இரண்டு கையால் பிடிக்கிற மாதிரிக் கோப்பை கொடுப்பார்கள். சிட்லபாக்கத்து அரை டம்ளருக்கு அது உறை போடக் காணாது. போகும்போது அந்த மனிதர் மெதுவாகக் கேட்டார், "எனக்கும் அந்தப் படத்தை அனுப்பறீங்களா?" அனுப்பினேன்.

அன்றைக்கு முழுக்க இதே கதை. தூங்குமூஞ்சி மரத்தடியில் இஸ்திரி போடுகிறவர், "எப்போ வெட்டுவீங்க மேடம், நான் வண்டிய எங்க தள்றது?" என்று கேட்டார். மே ஃப்ளவர் மரத்தைப் படம் எடுத்தபோது ஒரு அம்மாள் மாடியிலிருந்து, "அப்படியே அந்தச் சாக்கடையையும் எடுங்க" என்று கத்தினாள். மரத்துக்கு நேரே போனைத் தூக்கினால் ஏதோ புகார் என்றுதான் இந்த ஊரில் அர்த்தம். எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

புதன்கிழமை முடிச்சூர். ரோட்டோரத் தள்ளுவண்டியில் இட்லியும் வடகறியும் சாப்பிட்டுவிட்டு உள்தெருக்களில் நுழைந்தேன். முன்னே நெல் விளைந்த பூமி. இப்போது கல் நட்டு, கயிறு கட்டி, வரிசையாக மனைகள். நடுவில் ஒரு மனையில் மட்டும் பெரிய பூவரசு, மஞ்சளும் சிவப்புமாகப் பூத்து நின்றது. நிழலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிலத்துக்காரர், பெயர் ஏழுமலை.

"பிளாட்டு பாக்க வந்தீங்களாம்மா? கார்னர்ல ஒண்ணு கீது."

"இல்லைங்க, மரம் பாக்க வந்தேன்."

"மரம் விக்கறதுக்கு இல்ல." பட்டென்று சொன்னார். நான் விளக்கிச் சொன்னதும் கொஞ்சம் இளகினார். "ரெண்டாயிரத்துப் பதினஞ்சு வெள்ளத்துல இங்க போட் வந்துச்சும்மா. கட்டறதுக்கு ஒரு கம்பம் கூட மிச்சம் இல்ல. இந்த மரத்துலதான் கயித்தக் கட்டி, எங்க வூட்டு ஆளுங்க ஒம்போது பேர ஏத்துனாங்க. புரோக்கருங்க வெட்டு வெட்டுன்னு உசுர வாங்கறானுங்க. வாங்கட்டும். இந்த ஒரு மனை வித்தாதான் நான் சாப்புடணுமா?"

அவரை மரத்தோடு சேர்த்து ஒரு படம் எடுத்தேன். சட்டைப் பொத்தான்களை எல்லாம் போட்டுக்கொண்டு விறைப்பாக நின்றார். அந்த நேரம் பார்த்து என் போன் குரைத்தது. ஷரோன் அதில் வைத்திருந்த நாய்ச் சத்தம், எனக்கு மாற்றத் தெரியவில்லை. சங்கக் குழுவில் செகரட்டரி சீனிவாசன் சார் எழுதியிருந்தார்:

"ஹெப்சிபா மேடம் அளித்த புகாரின் பேரில், கார்னர் மரம் சனிக்கிழமை ஆய்வு செய்யப்பட்டு அன்றே அகற்றப்படும். இருபத்திரண்டு உறுப்பினர்கள் ஆதரவு. அன்று அங்கே கார் நிறுத்த வேண்டாம்."

ஹெப்சிபா நான்தான். கீழே என் படம். என் மஞ்சள் தெரு. அதன் கீழே என் எழுத்து: ரோடே தெரியல.

அந்தக் குழுவில் வருஷக்கணக்காக யார் என்ன படம் போட்டாலும் அது புகார்தான். வழிகிற குப்பைத்தொட்டி, எரியாத விளக்கு, உடைந்த சாக்கடை மூடி. நானே எத்தனை போட்டிருக்கிறேன்! அழகாக இருக்கிறது என்று ஒரு படம் அந்தக் குழு பிறந்ததிலிருந்து வந்ததில்லை. செவ்வாய்க்கிழமை ஊரையே பார்த்துச் சிரித்தேனே, அதே வேலையை என் சொந்தத் தெருவில் நான் செய்து வைத்திருக்கிறேன். மரத்தை வெட்ட மனு கொடுத்தது நான்.

ஏழுமலையிடம் சொல்லிக்கொள்ளாமல்கூட ஓடி, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறினேன். அரை வழியில்தான் தெரிந்தது, ஆட்டோ தாம்பரம் போகவில்லை, எதிர்ப்பக்கம் மண்ணிவாக்கம் போகிறது. "மூஞ்சப் பாத்தாலே பேஜாரா கீதே, இன்னாம்மா ஆச்சு?" என்று டிரைவர் கேட்டார். "ஒரு மரத்தக் கொன்னுட்டேன் தம்பி" என்றேன். மறுபேச்சு இல்லாமல் இறக்கிவிட்டு, திரும்பிப் போகிற ஆட்டோவைக் கையைத் தட்டி நிறுத்தி ஏற்றியும்விட்டார்.

சாயங்காலமே சீனிவாசன் சார் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"சார், நான் புகார் சொல்லல. பூ அழகா இருக்குன்னு போட்டேன்."

"மேடம், 'ரோடே தெரியல'ன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க?"

"சந்தோஷத்துல எழுதினேன் சார்!"

"ரோடு தெரியலைன்னா யாராவது சந்தோஷப்படுவாங்களா?" கேட்டுவிட்டு அவர் உள்ளறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரல் மாறியது. "போன வருஷக் கோடை மழைக்கு மாலதி அங்கதான் ஸ்கூட்டரோட விழுந்தா. இன்னிக்கும் ரெண்டு விரல் மடங்க மாட்டேங்குது. நீங்க அழகுன்னு சொல்றீங்க. எனக்கு அந்த மஞ்சளைப் பார்த்தாலே ஆத்திரமா வருது."

மாலதி அவர் மனைவி. விழுந்தது எனக்குத் தெரியும். ஆரஞ்சுப் பழத்தோடு போய்ப் பார்த்தும் வந்தேன். அதை இந்த மரத்தோடு நான் சேர்த்து யோசிக்கவே இல்லை. ஆனாலும் விட மனசு வரவில்லை.

"தினமும் கூட்டிட்டா வழுக்காதுல்ல சார்?"

"யார் கூட்டறது?"

"நான் கூட்டறேன்."

"உங்க முழங்காலை வச்சுக்கிட்டா?"

"என் முழங்காலைப் பத்தி நீங்க மனு போட வேண்டாம்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். கோபம் அவர் மேல் இல்லை, என் மேல்தான். அவருக்கு அது தெரிந்திருக்காது.

வியாழக்கிழமை என் பயணம் மாநகராட்சி அலுவலகத்தில் ஒரு மேசைக்கு முன்னால் முடிந்தது. அங்கே இருந்த அம்மாள் நல்லவர். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டு, எங்கள் சங்கம் அனுப்பியிருந்த மனுவின் கோப்பைப் புரட்டினார். "போட்டோ உங்களோடது, வாசகம் உங்களோடது. அப்ப புகார்தாரர் நீங்கதான்."

"நான் புகார் பண்ணல மேடம். சந்தோஷப்பட்டேன்."

"சந்தோஷப்பட்டதுக்கு இங்க ஃபார்ம் இல்லையேம்மா." ஆனால் அவரே வழியும் சொன்னார். "புகார்தாரரே வாபஸ் வாங்கலாம். ஆதரவு கொடுத்த இருபத்திரண்டு பேர்ல பாதிக்கு மேல மனசு மாறிட்டாங்கன்னு கையெழுத்தோட கொடுங்க. ஆய்வுக்கு வர்றவர் பார்த்து முடிவு பண்ணுவார்."

அதாவது பன்னிரண்டு கையெழுத்து.

வெள்ளிக்கிழமை நான் போன தூரம் மூன்று பிளாக், பிளாக்குக்கு நாலு மாடி. சிட்னிக்குப் பறந்தபோது கூட என் கால் இப்படி வீங்கவில்லை. ஒவ்வொரு கதவிலும் ஒரே கேள்வி: "நீங்க கட்டைவிரல் காட்டினது அழகுக்கா, வெட்டறதுக்கா?"

"எதுக்குன்னு பார்க்கல டீச்சர். எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்." இதுதான் முக்கால்வாசிப் பேர் பதில். ஒருவர் தூக்கக் கலக்கத்தில் கை பட்டுவிட்டது என்றார். ஒரு பெண் மட்டும், "வெட்டணும்னுதான் போட்டேன். கார் மேல எல்லாம் கறை" என்று நேராகச் சொன்னாள். அவளை எனக்குப் பிடித்தது. வாக்குவாதம் பண்ணினேன், அவள் அசையவில்லை, ஆனாலும் ரோஸ்மில்க் கொடுத்தாள். சிட்னியில் ஆறு வாரத்தில் என்னை உள்ளே கூப்பிட்டது ஒரே ஒரு வீடு. இங்கே ஒரே நாளில் மோர், சுண்டல், முறுக்கு, ரோஸ்மில்க். வயிறு நிறைந்தது, பன்னிரண்டு நிறையவில்லை. இருட்டுவதற்குள் பதினொரு கையெழுத்து. மீதிப் பேர் வெளியூர், இல்லையென்றால் முடியாது என்றவர்கள். ஒரே ஒரு கதவை நான் தட்டவில்லை. இருபத்திரண்டில் ஒரு கட்டைவிரல் மாலதியுடையது. அந்தக் கையிடம் போய் எந்த முகத்தோடு கையெழுத்துக் கேட்பது?

சனிக்கிழமை ஆறு மணிக்குத் துடைப்பத்தோடு கீழே இறங்கினேன். படம் எடுத்தேன். கூட்டினேன். பாதியில் இடுப்பு கழன்று கையோடு வந்துவிடும் போல இருந்தது. எட்டரை மணிக்கு ஆய்வு அதிகாரி வந்தார். அவருக்கு முன்னாலேயே, சங்கம் சொல்லி வைத்திருந்த இரண்டு பேர் ரம்பத்தோடும் கயிற்றோடும் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பால்கனிகளில் எல்லாம் தலைகள்.

"புகார்தாரர் யாரு?"

"நான்தான்."

"என்ன பிரச்சனை?"

"ஒரு பிரச்சனையும் இல்ல சார்."

அவர் கோப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த துடைப்பத்தைப் பார்த்தார். வாபஸ் கடிதத்தை நீட்டினேன். விரல் வைத்து எண்ணினார். "பதினொண்ணு இருக்கு. பாதிதான். பாதிக்கு மேல வேணும்மா."

அன்றைக்குத் தெருவுக்கு வருகிற நாள் இல்லை, இருந்தும் கஸ்தூரி வந்து நின்றிருந்தாள். "சார், கூட்றவ நானு. என்னியக் கேளுங்க. பூவக் கூட்டிரலாம் சார். இவங்க வூட்டு பாம்பர்ஸு, கண்ணாடித் துண்டு, அதத்தான் கூட்ட முடியல. அத்தப் போட்டோ புடிச்சு யாராவது போட்டாங்களா?" பால்கனித் தலைகளில் சில உள்ளே போய்விட்டன.

"அதெல்லாம் சரிம்மா. கையெழுத்து?" என்றார் அதிகாரி.

ரம்பக்காரர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். நான் மரத்தை ஒட்டிப் போய் நின்றேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. அறுபது வயசுக்கு மேல் மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுகிற டீச்சராக ஊர் வாயில் விழத் தயாராகத்தான் இருந்தேன்.

அப்போது மாலதி இறங்கி வந்தார். நேராக என்னிடம் வந்து, "எல்லா வீட்டுக்கும் போனீங்களாம். எங்க வீட்டுக்கு மட்டும் ஏன் டீச்சர் வரல?" என்றார்.

"உங்க கையைப் பார்த்து எப்படிக் கேட்பேன் மாலதி?"

"நான் பூவால விழல." அவர் குரல் உயர்ந்தது. கணவர் பக்கம் திரும்பினார். "பத்து தடவை சொல்லிட்டேன் உங்ககிட்ட. அங்க ஒரு குழி இருக்கு. பூ மூடியிருந்தது, எனக்குத் தெரியல. டீச்சர் கூட்டியிருக்காங்க, இப்பவாவது வந்து பாருங்க."

எல்லோரும் போய்ப் பார்த்தோம். மரத்திலிருந்து நாலடியில், நான் கூட்டிவிட்ட இடத்தில், ஒரு அண்டாவை வைக்கிற அளவுக்குக் குழி. நான்தான் கூட்டினேன், நான்கூடக் கவனிக்கவில்லை, பூவைப் பார்த்துக்கொண்டே கூட்டியிருக்கிறேன். சீனிவாசன் சார் அந்தக் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார். மாலதி காகிதத்தை வாங்கி மரத்தண்டில் வைத்து, மடங்காத விரல்களுக்கு நடுவே பேனாவைச் செருகிக்கொண்டு கையெழுத்துப் போட்டார். எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது. பன்னிரண்டு.

கரண்ட் கம்பியை உரசிய ஒரு கிளையை மட்டும் வெட்டச் சொல்லிவிட்டு அதிகாரி கிளம்பினார். அந்தக் கிளை பூவோடு விழுந்தபோது எனக்கு வலித்தது. மரம் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவதற்கு முன் கீழே இறங்கினேன். ராத்திரிக் காற்றில் தெரு மறுபடி மஞ்சள். முதலில் ஜோயலுக்குப் பதில் எழுதினேன்: "சேலையூருக்குப் பக்கத்து ஊர், மாப்பிள்ளை. தூசியும் ஹாரனும் பூக்குமே, அதே ஊர். அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளிடமும் காட்டவும்."

பிறகு சங்கக் குழு. படத்தைப் போட்டு எழுதினேன்: "ரோடே தெரியல. புகார் இல்லை."

ஒரு கட்டைவிரலும் வரவில்லை. அவனவன் பயந்து போயிருந்தான். ஐந்து நிமிஷம் கழித்து செகரட்டரி: "நோட்டட் மேடம்." அதற்குப் பிறகு ரோஸ்மில்க் பெண் ஒரு படம் போட்டாள். அவள் ஜன்னலுக்கு வெளியே பூத்த முருங்கை. "புகார் இல்லை."

நான் துடைப்பத்தை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தேன். ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை, ஒரு பூ விடாமல். முடித்து நிமிர்ந்தபோது மாலதி ஒரு கையில் போனோடு குழிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். என் போன் குரைத்தது. சுத்தமான ரோடு, நட்டநடுவே குழி, கீழே அவர் எழுதியிருந்தார்:

"ரோடு இப்போது நன்றாகத் தெரிகிறது. இது புகார்."

முதல் கட்டைவிரல் என்னுடையது.